காரணம் பின்னர் நிரப்பப்படும்

கண்ணாடிக்காரருக்குப் பெண் குழந்தை பிறந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, பகல் பதினொன்று நாற்பதுக்கு. எடை இரண்டு கிலோ எண்ணூறு. எண்ணிக்கை ஒன்று.

எண்ணிக்கையைத் தனியாகச் சொல்வது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் அந்த வாரம் முடிவதற்குள் அந்த மருத்துவமனையில் அதுவே பெரிய விவகாரமாகிவிட்டது. அதனால் முதலிலேயே பதிந்து வைப்பது நல்லது.

ஜன்னலுக்கும் அலமாரிக்கும் புகைப்படச் சட்டத்துக்கும் கண்ணாடி வெட்டிக் கொடுப்பவர் அவர். அதிகம் பேச மாட்டார். பேசினாலும் எதிரில் இருப்பது உடைந்துவிடுமோ என்பது போலத்தான் பேசுவார். அவர் மனைவிக்குச் சட்டைத் தொழிற்சாலையில் கடைசி மேசை வேலை. தைத்து முடித்த சட்டைகளில் தொங்கும் நூலைக் கிள்ளி, பொத்தானை இழுத்துப் பார்த்து, சரி என்று அடுக்க வேண்டும். கோணலாக ஒரு தையல் தெரிந்தால் யார் தைத்தது, ஏன் இப்படித் தைத்தது என்று கேட்காமல் விட மாட்டாள். வீட்டிலும் அப்படித்தான்.

செவ்வாய் காலை அவள் மருத்துவமனைப் படிகளைத் தன் காலாலேயே ஏறினாள். கூடவே அவள் அக்கா. தலைமை நர்ஸ் வயிற்றில் கை வைத்துப் பார்த்துவிட்டு, "எல்லாம் ஜோரா இருக்கு. மத்தியானத்துக்குள்ள தானா ஆயிடும். சும்மா உக்காராத, நட" என்றார். அவளும் நடந்தாள். தாழ்வாரத்தின் ஒரு முனையில் தண்ணீர்க் குழாய், மறு முனையில் தீயணைப்பு வாளி. குழாய்க்கும் வாளிக்கும் நடுவில் முப்பத்தேழு தடவை நடந்தாள். வலி நன்றாக, சீராக வந்துகொண்டிருந்தது.

பதினோரு மணிக்கு ஒரு டாக்டர் வந்தார். அவளைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பின்னால் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார். போய்விட்டார். ஐந்து நிமிடத்தில் ஒரு நர்ஸ் காகிதம் கொண்டுவந்து கண்ணாடிக்காரரிடம் நீட்டினாள்.

"இங்க ஒண்ணு, கீழ ஒண்ணு, பின்பக்கம் ஒண்ணு. சீக்கிரம்."

கண்ணாடிக்காரர் எதையும் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார். பெயர், வயது, வார்டு எல்லாம் சரியாக இருந்தன. 'அறுவை செய்யக் காரணம்' என்ற இடத்தில் புள்ளிக்கோடு. அதன் கீழே சிறிய எழுத்தில் அச்சடித்திருந்தது: 'பின்னர் நிரப்பப்படும்'.

"சிஸ்டர், இது காலியா இருக்கே?"

"ஆமா, எல்லாருக்கும் காலியாத்தான் இருக்கும்."

"இல்ல, நான் கண்ணாடி வெட்டுறவன். கோடு போடுறதுக்கு முன்னாடி எதுக்கு, என்ன அளவுன்னு மூணு தடவ கேட்டுப்பேன். வெட்டுனப்புறம் ஒட்ட வெக்க முடியாது பாருங்க."

"ஏங்க, நீங்க அப்பா ஆகப் போறீங்களா, வக்கீல் ஆகப் போறீங்களா?"

அவர் அப்பா ஆகவே விரும்பினார். மூன்று இடத்திலும் கையெழுத்துப் போட்டார்.

"நடக்க விட்டுக் கூட்டிட்டு வந்தேன். இப்ப வண்டியில வெச்சுத் தள்ளிட்டுப் போறாங்க" என்றாள் மனைவியின் அக்கா. "என்ன தம்பி ஆச்சு அதுக்குள்ள?"

"தெரியலக்கா. பின்னாடி சொல்லுவாங்களாம்."

முழு மயக்கம் கொடுத்து அறுத்தார்கள். பதினொன்று நாற்பதுக்கு நர்ஸ் ஒரு துணிப் பொட்டலத்தைக் கொண்டுவந்து காட்டினாள். பொட்டலத்துக்குள் சிவப்பாக, கோபமாக ஒரு முகம் இருந்தது. கண்ணாடிக்காரர் அழுதுவிட்டார். அந்த அழுகையில் புள்ளிக்கோடு மறந்துபோயிற்று.

மறக்காதவள் மனைவி. மயக்கம் முழுதும் தெளிந்த புதன்கிழமை மத்தியானம், குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு அவள் கேட்ட முதல் கேள்வி:

"ஏங்க, என்னை எதுக்கு அறுத்தாங்க?"

"என்னமோ அவசரமாம்."

"என்ன அவசரம்? நல்லா இருக்குன்னுதானே சொன்னாங்க? எனக்கு எதுனா கோளாறா? எங்கிட்ட மறைக்கிறாங்களா? அடுத்த தடவை இப்படித்தான் ஆகுமா? கேட்டுட்டு வாங்க."

"விடேன், குழந்தை நல்லா இருக்கு."

"குழந்தை நல்லா இருக்கு. நான் எப்படி இருக்கேன்னு கேட்டுட்டு வாங்க."

அவள் இரவில் சரியாகத் தூங்கவில்லை என்பதும், தையல் வலியால் மட்டும் அது அல்ல என்பதும் அவருக்குத் தெரிந்தது. ஒரு சட்டையில் கோணல் தெரிந்தால்கூட இரண்டு நாள் பேசுகிறவள். இப்போது தையல் விழுந்திருப்பது அவள் மேலேயே. அவளுக்கு ஒரு பதில் வேண்டும். ஒரே ஒரு வரி. அதை வாங்கிவரத்தான் வியாழக்கிழமை காலை அவர் கிளம்பினார்.

நர்ஸைக் கேட்டார். "டாக்டரைக் கேளுங்க." டாக்டரைக் கேட்டார். "நான் அறுக்கிறவன்பா. காரணமெல்லாம் மேல." மேலே என்றால் கடவுளைச் சொல்கிறாரோ என்று நினைத்துக் கண்ணாடிக்காரர் கொஞ்ச நேரம் நின்றார். டாக்டர் சொன்னது முதல் மாடியை.

முதல் மாடியில் போர்வைக் கிடங்குக்கு அடுத்த அறை. வாசலில் பலகை: காரணப் பிரிவு. உள்ளே ஒரே மேசை, ஒரே நாற்காலி, ஒரே எழுத்தர். மேசை மேல் வட்டமாகச் சுழலும் ஒரு தாங்கி. அதில் பன்னிரண்டு ரப்பர் ஸ்டாம்புகள் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தன. சுவரில் பெரிய வரைபடம் ஒன்று. அதில் பன்னிரண்டு கட்டங்கள், பள்ளிக்கூட மைதானத்தில் ஒரே உயரப் பிள்ளைகளை நிறுத்தி வைத்தது போல, மயிரிழை கூடாமல் குறையாமல் நின்றன.

"என்ன வேணும்?" என்றார் எழுத்தர்.

"காரணம் வேணுங்க."

"என்னிக்கு அறுத்தது?"

"செவ்வாய்க்கிழமை."

"உக்காருங்க" என்று சொல்லிவிட்டு, உட்கார நாற்காலி இல்லாததைப் பார்த்து, "நில்லுங்க" என்று திருத்திக்கொண்டார். நல்ல மனிதர். இருபத்தாறு வருடச் சேவையில் ஒரு பிழை கிடையாது. காரணம் கேட்டு ஒருவர் மாடி ஏறி வந்தது அவருக்கு உள்ளபடியே சந்தோஷமாக இருந்தது. யாரும் வருவதில்லை.

"முன்னாடியெல்லாம் இந்தப் பிரிவே கிடையாதுங்க. டாக்டருங்களே எழுதிக்கிட்டு இருந்தாங்க. எல்லாருக்கும் ஒரே காரணம், குழந்தைக்கு மூச்சுத் திணறல். நானூறு ஆபரேஷன்ல முந்நூத்தி அறுபது மூச்சுத் திணறல். மேலிடத்துல இருந்து ஆய்வுக்கு வந்தாங்க. ஏன் இத்தனை குழந்தைக்கு இங்க மூச்சு முட்டுது, கட்டடத்துல காத்து வரலையான்னு கேட்டுட்டாங்க. உடனே வார்டு பூரா காத்தாடி மாட்டுனோம். அப்பவும் குறையல."

"ஐயோ."

"அப்பத்தான் என்னைக் கூப்பிட்டாங்க. நான் அப்ப பக்கத்துல போர்வைக் கிடங்குல இருந்தேன். அங்க ஒரு முறை வெச்சிருந்தேன். ஒரே போர்வையைத் திரும்பத் திரும்பக் குடுத்தா அது மட்டும் கிழிஞ்சு போகும். நம்பர் போட்டு வரிசையா குடுத்தா எல்லாம் ஒரே சீரா தேயும். அதே முறையை இங்க கொண்டுவந்தேன். மருத்துவ நூல்ல ஒத்துக்கிட்ட காரணம் பன்னிரண்டு. குழந்தை குறுக்கே கிடக்குறது, கொடி சுத்துனது, நீர் வத்துனது, தாய்க்கு ரத்த அழுத்தம், சர்க்கரை, இடுப்பெலும்பு குறுகல்... இப்படி. சாயங்காலம் அன்னிக்கு அறுத்த பட்டியல் வரும். வரிசையா குத்திக்கிட்டே போவேன். பன்னிரண்டு முடிஞ்சா மறுபடி ஒண்ணு." வரைபடத்தைத் திரும்பிப் பார்த்தார். தகப்பன் பார்வை அது. "அடுத்த ஆய்வுல பாராட்டுப் பத்திரம் குடுத்தாங்க. இவ்வளவு சமநிலையா எந்த மருத்துவமனையிலயும் பெண்களுக்கு நோவு வர்றதில்லையாம்."

கண்ணாடிக்காரரும் அந்தக் கட்டங்களைப் பார்த்தார். "அப்ப, நெஜமாவே குழந்தை குறுக்கே கிடந்து வர்றவங்களுக்கு?"

"அவங்களுக்கும் வரிசைதான். போன வாரம் அப்படி ஒருத்தங்களுக்குச் சர்க்கரை விழுந்துச்சு. இங்க பாரபட்சமே கிடையாது."

பதிவேட்டைப் புரட்டினார். செவ்வாய்க்கிழமை. ஐந்தாவது ஆபரேஷன். விரலால் ஓட்டிப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"எட்டாம் நம்பர். அட, வாழ்த்துகள்! ரெட்டைக் குழந்தை."

"எனக்கு ஒண்ணுதாங்க."

"எங்க இருக்கு?"

"வார்டுல."

"இன்னொண்ணு?"

"இன்னொண்ணு இல்லைங்க."

எழுத்தரின் பேனா நின்றது. கண்ணாடிக்காரரை ஏற இறங்கப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"தொலைச்சிட்டீங்களா?"

"இல்லைங்க, பொறந்ததே ஒண்ணுதான்."

"அப்படிச் சொல்லாதீங்க. ஒண்ணுதான்னா உங்க சம்சாரத்தை எதுக்கு அறுக்கணும்?"

"அதைக் கேக்கத்தானே நான் வந்தேன்?"

கண்ணாடிக்காரர்தான் வழி சொன்னார்: எட்டை எடுத்துவிட்டு ஒன்பதைக் குத்திவிடலாமே?

எழுத்தர் பொறுமையாக விளக்கினார். அவரை ஒன்பதுக்குத் தள்ளினால் அடுத்த அம்மாவைப் பத்துக்குத் தள்ள வேண்டும். செவ்வாயிலிருந்து இன்றுவரை பதினாறு பேர் தள்ளப்படுவார்கள். ஒன்பது ரத்த அழுத்தம். அந்த அம்மா உப்பில்லாமல் சாப்பிடத் தொடங்கி இரண்டு நாளாகிறது; அவர் வீட்டில் எல்லோரும் அவரை அதட்டாமல் பேசத் தொடங்கியிருக்கிறார்கள். அதைக் கெடுக்கலாமா? "இதுக்கு முன்னாடி எத்தனையோ பேருக்கு எட்டு விழுந்திருக்கு. ஒருத்தரும் எதுவும் சொன்னதில்லை. வீட்டுக்குப் போறப்ப காரணம் வெச்சுக் குடுக்கிற கவரைப் பிரிக்காமலே வாங்கிட்டுப் போயிட்டாங்க. ஒரே ஒரு தடவைதான் கொஞ்சம் கசப்பு. முதல் பிரசவத்துக்கு வந்த பொண்ணுக்குப் பன்னிரண்டு விழுந்துடுச்சு."

"பன்னிரண்டு என்னங்க?"

"முந்தைய பிரசவமும் அறுவை. புருஷன் படிச்சுப் பார்த்திருக்கான். முந்தைய பிரசவம் யாரோடதுன்னு கேட்டு அவங்க வீட்டுல கொஞ்சம் பிரச்சினை ஆயி, இப்ப தனித்தனியா இருக்காங்கன்னு கேள்வி. ஆனா நம்ம பதிவுல ஒரு குறையும் இல்லை."

பிறகு ஒரு வெள்ளைத் தாளை எடுத்து நீட்டினார். "உங்க மனசுல இருக்கிறதை எழுதிக் குடுங்க. மேல அனுப்புறேன்."

கண்ணாடிக்காரர் நின்றபடியே, உள்ளதை உள்ளபடி, அழகான கையெழுத்தில் எழுதினார்: 'மருத்துவமனைப் பதிவில் எங்களுக்கு இரண்டு குழந்தைகள் என்று உள்ளது. எங்கள் கையில் ஒரு குழந்தைதான் உள்ளது. தயவு செய்து ஆவன செய்ய வேண்டும்.'

எழுத்தர் படித்துப் பார்த்தார். மேலே தலைப்பில்லாமல் தாளை அனுப்பக்கூடாது. பொருள் என்ற இடத்தில் அவரே எழுதினார்: 'குழந்தை ஒன்று குறைவது குறித்து'.

ஆவன உடனே செய்யப்பட்டது. வெள்ளிக்கிழமை காலை வார்டுக்கு இரண்டாவது தொட்டில் வந்தது. அதில் ஒரு விரிப்பு, ஒரு கொசுவலை, மணிக்கட்டில் கட்டும் ஒரு அடையாளப் பட்டை. புகார் விசாரணையில் இருக்கும்வரை அந்தக் குழந்தை மருத்துவமனையின் பொறுப்பில் இருப்பதாகத்தான் அர்த்தம் என்று தலைமை நர்ஸ் சொன்னார். ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை அதன் உடல் சூடு எழுதப்பட்டது. அறையின் சூடு என்னவோ அதையே எழுதினார்கள்.

மனைவிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "சிரிக்க வெக்காதீங்க, தையல் இழுக்குது" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். முதலிலிருந்து கடைசிவரை நடந்ததை, பன்னிரண்டு ஸ்டாம்பு உட்பட, கண்ணாடிக்காரர் சொல்ல முயன்றார். பாதியிலேயே அக்கா புகுந்துவிட்டாள்.

"தம்பி, ஒண்ணுக்கே துணி பத்தல. இன்னொண்ணை எதுல சுத்துறது?"

"ரொம்ப அடக்கமான பிள்ளைம்மா" என்றாள் வார்டு கூட்டும் ஆயா, தொட்டிலுக்கு அடியில் துடைத்தபடி. "வந்ததுல இருந்து ஒரு அழுகை உண்டா? இது மாதிரி நாலு பெத்துக்கலாம்."

"யாரு மாதிரி? அப்பா மாதிரி. அதுவும் வாயே திறக்காது" என்றாள் மனைவி. மறுபடியும் சிரித்தாள். அந்த ஆஸ்பத்திரியில் அவள் சிரித்து அவர் பார்த்தது அன்று மட்டும்தான்.

சிரித்து முடித்ததும், "சரி, வெளையாட்டு போதும். எதுக்கு அறுத்தாங்களாம்?" என்றாள்.

"நாளைக்குப் பெரிய டாக்டரைப் பார்க்கச் சொல்லியிருக்காங்க."

சனிக்கிழமை பத்து மணிக்குத் தலைமை மருத்துவர் அறையில் கூட்டம். நீள மேசை. தலைமை மருத்துவர், அறுத்த டாக்டர், தலைமை நர்ஸ், காரணப் பிரிவு எழுத்தர். எதிர்ப்புறம் தனியாகக் கண்ணாடிக்காரர். தலைமை மருத்துவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பேசத் தொடங்கினார். அவர் பேச்சை எழுத்தர் குறிப்பெடுத்துக்கொண்டே இருந்தார்.

"முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். காரணமில்லாம இங்க யாரையும் அறுக்கிறதில்லை. அறுத்த ஒவ்வொருத்தருக்கும் காரணம் குடுத்திருக்கோம். ஒருத்தரைக்கூட வெறுங்கையா அனுப்புனதில்லை. அறுத்ததுக்கு அப்புறம் காரணம் குடுக்கிறாங்கன்னு வெளியில பேசிக்கிறாங்க. முன்னாடியே குடுத்தா என்ன ஆகும்? சொந்தக்காரங்க வாக்குவாதம் பண்ணுவாங்க. காரணம் சரியான்னு பார்ப்பாங்க. அப்புறம் எங்க அறுக்கிறது? குழந்தை பொறந்ததுக்கு அப்புறம் குடுத்தா சந்தோஷத்தோட சந்தோஷமா வாங்கிக்குவாங்க. இது ஒரு மனிதாபிமான ஏற்பாடு."

தலைமை நர்ஸ் தலையசைத்தார்.

"இயற்கைப் பிரசவம், இயற்கைப் பிரசவம்ங்கிறாங்க. இயற்கைன்னா என்ன? எப்ப பெத்துக்கணும்னு அந்தப் பொண்ணோட உடம்பே தீர்மானிக்கிறது. அப்படி அவங்கவங்க உடம்பு தீர்மானிச்சா நிர்வாகம்னு ஒண்ணு எதுக்கு? ஆபரேஷன் தியேட்டருக்கு நேரம் இருக்கு. மயக்க டாக்டருக்கு நேரம் இருக்கு. சலவைக்குப் போற துணிக்குக்கூட நேரம் இருக்கு. வலிக்கு மட்டும் இல்லையாம். நான் வந்தப்புறம் இந்த ஆஸ்பத்திரியில சாப்பாட்டு நேரத்துல ஒரு குழந்தை பொறந்ததில்லை. கேட்டுப் பாருங்க."

கேட்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான் கண்ணாடிக்காரரிடம் இருந்தது. கேட்டார். "ஐயா, என் சம்சாரத்தை எதுக்கு அறுத்தீங்க?"

"ரெட்டைக் குழந்தைக்கு."

"ஆனா குழந்தை ஒண்ணுதானே ஐயா."

"அதுக்குத்தானே கூட்டம் போட்டிருக்கோம்?" தலைமை மருத்துவர் அறுத்த டாக்டரிடம் திரும்பினார். "நீங்க எத்தனை எடுத்தீங்க?"

"சார், அன்னிக்கு ஒன்பது பேர். நான் முகத்தைப் பார்க்கிறதில்லை. ஒன்பதா எடுத்தேனா, பத்தா எடுத்தேனான்னு..." அவர் நேர்மையாக யோசித்தார். "கை வலி என்னவோ பத்துக்கு உண்டான வலியாத்தான் இருந்துச்சு."

"குறிச்சுக்கோங்க" என்றார் தலைமை மருத்துவர். எழுத்தர் குறித்துக்கொண்டார்.

அதன் பிறகு அந்த அறையில் இரண்டாவது குழந்தை பிறந்ததா என்ற பேச்சே எழவில்லை. எங்கே போயிற்று என்பதுதான் பேச்சு. விதிப்படி மூன்று வழிகள் இருந்தன. தலைமை மருத்துவர் விரல் விட்டுச் சொன்னார்.

ஒன்று, குழந்தையைக் காணவில்லை என்று போலீஸுக்கு எழுதுவது. கடைசியாகக் குழந்தையோடு இருந்தவள் தாய். ஆகவே விசாரணை தாயிடமிருந்து தொடங்கும். அதுவரை கையில் இருக்கும் குழந்தையும் அவள் கையில் இருப்பது முறையல்ல.

இரண்டு, குழந்தை வெளியே வரவில்லை, இன்னும் உள்ளேயே இருக்கிறது என்று கொள்வது.

"உள்ளயா?" என்றார் கண்ணாடிக்காரர்.

"திறந்து பார்த்துட்டா தெரிஞ்சுடும். தையல் புதுசுதான், பழைய வழியிலேயே போயிடலாம். திங்கட்கிழமை எட்டரைக்குத் தியேட்டர் காலி."

எழுத்தர் மெல்லக் கையை உயர்த்தினார். "ஐயா, 'உள்ளே குழந்தை உண்டா எனப் பார்த்தல்' பன்னிரண்டுல வராதுங்க. பதிமூணாவது ஸ்டாம்பு செய்யணும். வரைபடத்துல ஒரு கட்டம் குட்டையா நிக்கும்."

"அது வளர்ந்துடும்" என்றார் தலைமை மருத்துவர்.

கண்ணாடிக்காரரின் கை மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டது. அவர் கேட்க வந்தது ஏன் ஒரு தடவை அறுத்தீர்கள் என்று. கேட்ட குற்றத்துக்கு இன்னொரு தடவை அறுக்கப் போகிறார்கள். "மூணாவது வழி என்னங்க ஐயா?" என்றார். குரல் கண்ணாடிக்கு நடுவில் ஓடும் கீறல் மாதிரி வந்தது.

மூன்றாவது வழி சுலபம். குழந்தை பிறந்தது, பிறந்தவுடன் இறந்தது. தகப்பன் கையெழுத்துப் போட்டால் புகார் முடிந்துவிடும். தொட்டிலை எடுத்துவிடலாம். திங்கட்கிழமை காலை தாயும் சேயும் வீட்டுக்குப் போகலாம்.

"பொறக்காத குழந்தை எப்படிங்க சாகும்?"

"உங்களை யாரும் கட்டாயப்படுத்தல. எட்டரைக்குத் தியேட்டர் காலியாத்தான் இருக்கு."

எழுத்தர் படிவத்தை நகர்த்தினார். 'இறப்புக்கான காரணம்' என்ற இடம் காலியாக இருந்தது. அதற்கு இரண்டாம் மாடியில் தனிப் பிரிவு உண்டாம். கண்ணாடிக்காரர் இந்தத் தடவை எதையும் படிக்கவில்லை. மனைவியின் வயிறு மட்டுமே கண்ணில் நின்றது. காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டார். போட்டு முடித்ததும் நால்வரும் எழுந்து நின்று அரை நிமிடம் மௌனம் அனுசரித்தார்கள். தலைமை நர்ஸின் கண்கள் கலங்கியிருந்தன.

கண்ணாடிக்காரர் மனைவியிடம் சொல்லவில்லை. தொட்டிலை எடுத்துக்கொண்டு போனபோது, "முடிஞ்சுது, தப்பா எழுதிட்டாங்களாம், திருத்திட்டாங்க" என்றார். எதுக்கு அறுத்தாங்க என்று அவள் கேட்டதற்கு, "வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்" என்றார். வீட்டுக்குப் போய்விட்டால் எல்லாம் தானாக அடங்கிவிடும் என்று நம்பினார். உடைந்த கண்ணாடியைக் கூட்டிப் பெருக்கியவர்களுக்குத் தெரிய வேண்டும், கடைசித் துண்டு எப்போதும் தரையிலேயே தங்கிவிடும்.

திங்கட்கிழமை காலை அவர் வண்டி பிடிக்கப் போனார். அக்கா மருந்துச் சீட்டோடு கீழே வரிசையில் நின்றாள். அந்த இருபது நிமிடத்தில் ஆறுதல் பிரிவு அம்மா வார்டுக்கு வந்தாள்.

அந்த மருத்துவமனையிலேயே மனசாரப் பேசத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். குழந்தையைப் பறிகொடுத்த தாய்மார்களைத் தேடி வந்து, பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொள்வது அவள் வேலை. பட்டியலில் பெயர் இருந்தது. வந்தாள். உட்கார்ந்தாள். கையைப் பிடித்தாள்.

"ஒண்ணாவது நல்லபடியா கையில இருக்கும்மா. மனசைத் தேத்திக்கோ."

"எது ஒண்ணாவது?" என்றாள் மனைவி.

"உன் வீட்டுக்காரர் சொல்லலையா?" அந்த அம்மா கண்ணை மூடித் திறந்தாள். "சொல்லியிருக்க மாட்டாரு. ஆம்பளைங்க தாங்கிக்க மாட்டாங்க, மூடி வெப்பாங்க. இந்தத் தாளைப் பாரும்மா, அவரு கையெழுத்து."

"இல்லம்மா, அது தப்பா எழுதுனது. எனக்குப் பொறந்தது ஒண்ணுதான்."

"உனக்கு மயக்கம் குடுத்திருந்தாங்கல்ல?"

"ஆமா."

"அப்ப நீ பார்க்கல."

மனைவி இரண்டாவது தொட்டில் இருந்த இடத்தைப் பார்த்தாள்.

"எல்லாத் தாயும் முதல்ல இப்படித்தான் சொல்லுவாங்க, இல்லவே இல்லைன்னு. தப்பில்லம்மா. ஆனா ஒத்துக்கிட்டாத்தான் ஆறும். ஒரு நாள் உனக்கே தோணும், உள்ள ரெண்டு துடிப்பு இருந்துச்சேன்னு." அவள் தன் பையிலிருந்து ஒரு உறையை எடுத்து மனைவியின் மடியில் வைத்தாள். இரண்டாவது தொட்டிலில் இருந்த அடையாளப் பட்டையும், இறப்புப் பதிவின் நகலும் அதில் இருந்தன. மனைவியின் தலையை ஒரு தடவை தடவிக் கொடுத்தாள். அடுத்த வார்டுக்குப் போனாள்.

வண்டியில் மனைவி உறையைக் குழந்தையோடு சேர்த்துப் பிடித்திருந்தாள். வீட்டு வாசலில் அக்கா குழந்தையை வாங்கி உள்ளே கொண்டுபோய்ப் படுக்க வைத்து, வெந்நீர் போடப் போனாள். மனைவி கட்டிலில் உட்கார்ந்து உறையைப் பிரித்து மடியில் பரப்பினாள். ஜன்னல் வழியே நல்ல வெயில் விழுந்தது. மணி பதினொன்று இருக்கும்.

"இது உங்க கையெழுத்துதானே?"

"ஆமா. ஆனா அது..."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

அவர் எல்லாவற்றையும் சொன்னார். இந்தத் தடவை ஒன்று விடாமல், வரிசையாக. போர்வைக் கிடங்கு, பன்னிரண்டு ஸ்டாம்பு, எட்டாம் நம்பர், பதினாறு பெண்கள், மூன்று வழி. சொல்லச் சொல்ல அவருக்கே கேட்டது, எவ்வளவு மட்டமான பொய் மாதிரி இருக்கிறது என்று. ஒரு மனிதன் தன் மனைவியிடம் மறைக்க நினைத்தால்கூட இதைவிட நம்பும்படியாக ஒன்றைக் கட்டிக்கொள்வான்.

மனைவி கடைசிவரை கேட்டாள்.

"போர்வை தேயாம இருக்க ஒரு முறை வெச்சிருந்தாங்க. அதனால எனக்கு ரெட்டைப் பிள்ளைன்னு எழுதுனாங்க. அப்படித்தானே?"

"சத்தியமா."

"சரி. அப்ப என்னை எதுக்கு அறுத்தாங்க?"

கண்ணாடிக்காரர் வாயைத் திறந்தார். வாரம் முழுக்க அதைத் தேடித்தான் அவர் படி ஏறி இறங்கினார். கையில் இருந்தது ஒரே ஒரு காரணம். அந்த ஒன்றையும் இல்லை என்று இப்போதுதான் அவரே சொல்லி முடித்திருந்தார்.

"தெரியல" என்றார்.

"அன்னிக்கு நான் நல்லா நடந்துக்கிட்டு இருந்தேன். வலி நல்லா வந்துச்சு. ஒரு கோளாறும் இல்லாத உடம்பை யாராவது சும்மா அறுப்பாங்களா? அவ்வளவு பெரிய ஆஸ்பத்திரி." அவள் சேலைக்கு மேல் கையை வைத்துத் தையல் இருக்கும் இடத்தை ஒரு முனையிலிருந்து மறு முனைவரை மெதுவாகத் தடவினாள். "நீங்க சொல்றதைப் பார்த்தா இது சும்மா. அந்தம்மா சொன்னா இது ஒரு பிள்ளைக்காக. நான் எதை வெச்சுக்கிறது?"

சமையலறையில் அக்கா பாத்திரத்தைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"அது பையனா, பொண்ணா?" என்றாள் மனைவி.

"யாரு?"

"எடுத்துப் பாருங்க. எழுதியிருப்பாங்க. எனக்குக் கண்ணு சரியா தெரியல."

கண்ணாடிக்காரர் அவள் மடியிலிருந்து தாளை எடுத்தார். வெளிச்சத்தில் பிடித்தார். அந்த இடத்தை மட்டும் யாரோ நிரப்பியிருந்தார்கள், நிதானமான, பிழையில்லாத எழுத்தில். கிழித்துப் போடலாம் என்று ஒரு கணம் நினைத்தார். அவள் முகத்தைப் பார்த்தார். ஒரு வாரமாக அவள் அவரிடம் கேட்ட கேள்விகளில் அவரால் பதில் சொல்ல முடிந்தது இது ஒன்றுக்குத்தான்.

"பையன்" என்றார்.

அவள் தலையை ஆட்டினாள். பிறகு தையலைப் பிடித்துக்கொண்டு மெல்லச் சாய்ந்து, தூங்கும் குழந்தையைச் சுவர்ப் பக்கமாக நகர்த்திப் படுக்க வைத்தாள். தானும் கட்டிலின் ஓரத்துக்கு வந்து படுத்தாள். நடுவில் ஒரு குழந்தை படுக்கும் அளவுக்கு இடம் விட்டிருந்தாள்.